எல்லா சைஸிலும் கிடைக்கும் ‘சர்ப்ளஸ்’

கேள்வி: தங்கைக்கு இது தலை தீபாவளி. மாப்பிள்ளைக்கு நல்ல பிராண்டில் எடுத்துக் கொடுக்க ஆசைப்பட்டு, இன்ஸ்டாவில் ‘திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், 100% ஒரிஜினல்’ என்று போட்டிருந்த ஒரு பக்கத்தில் லகோஸ்ட் போலோ டி-ஷர்ட் இரண்டு வாங்கினேன். ஒன்று 899 ரூபாய். பணம் யு.பி.ஐ.யில் அனுப்பினேன். டேக், கவர் எல்லாம் பக்காவாக வந்தன. இரண்டு துவையலில் காலர் சுருண்டுவிட்டது, முதலை லோகோவின் வாலில் நூல் பிரிகிறது. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. தங்கைதான் ‘டூப்ளிகேட் மாதிரி இருக்குண்ணா’ என்றாள். இது உண்மையான சர்ப்ளஸா, போலியா? பணம் திரும்பக் கிடைக்குமா? இன்னொரு சட்டை பிரிக்காமலே இருக்கிறது. அதைப் பழைய பொருள் விற்கும் ஆப்பில் போட்டுவிடலாமா? இனிமேல் எதைப் பார்த்து வாங்குவது? (திருச்சி வாசகர்)

பதில் தருபவர்: திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் தரக் கட்டுப்பாட்டு மேலாளர்

தம்பி, நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டும் போலிதான்.

சட்டையை உள்பக்கம் திருப்பி ஒரு படம் எடுத்திருக்கிறீர்களே, அது ஒன்றே போதும். லகோஸ்ட்டின் கிளாசிக் போலோவில் முதலை என்பது தனியாகச் செய்த சின்ன வில்லை. அதைச் சட்டை மேல் வைத்து ஓரத்தில் மெல்லிய நூலால் தைப்பார்கள். உள்ளே திருப்பினால் அந்தத் தையல் கோடு லேசாகத் தெரியும், அவ்வளவுதான். உங்கள் சட்டையில் துணி மேலேயே நேராக எம்பிராய்டரி போட்டிருக்கிறார்கள். உள்பக்கம், எம்பிராய்டரி போடும்போது துணிக்கு அடியில் வைக்கும் வெள்ளைப் பேப்பர் பாதி கிழிந்து, பாதி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வால் முனையில் நூலைப் பூட்டாமல் வெட்டியிருக்கிறார்கள், அதுதான் துவைக்கத் துவைக்கப் பிரிகிறது. பொத்தானையும் பாருங்கள். அந்த மாடலுக்கு அவர்கள் போடுவது முத்துச்சிப்பி ஓட்டில் செய்த பொத்தான். ஒன்றின் ரேகை இன்னொன்றில் இருக்காது, தொட்டால் சில்லென்று இருக்கும். உங்களுடையது அச்சில் வார்த்த பிளாஸ்டிக்.

இவ்வளவு சொன்னாலும், இந்த அடையாளங்களை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த முறை கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். நான் சொன்னதைக் காப்பி போடுகிறவரும் படிப்பார். இன்றைக்கு நேராக எம்பிராய்டரி போடுகிறவர் அடுத்த வருஷம் வில்லை செய்து தைப்பார். அப்புறம், ஆன்லைனில் உங்கள் கைக்குச் சட்டையே வரப்போவதில்லை, படம்தான் வரும். அந்தப் படமும் பெரும்பாலும் பிராண்டின் சொந்த இணையதளத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் சோதிக்க முடிந்தவை இரண்டுதான்: விற்கிறவர் யார், அவர் சொல்லும் கதை நடக்கக்கூடியதா.

கதையை முதலில் பார்ப்போம், அது என் தொழில்.

ஒரு பையர், அதாவது எங்களிடம் துணி தைத்து வாங்கும் நிறுவனம், 10,000 பீஸ் ஆர்டர் கொடுத்தால் நாங்கள் கணக்காக 10,000 மட்டும் வெட்டுவதில்லை. துணியில் ஓட்டை வரும், சாயத்தில் திட்டு வரும், தையலில் கோணல் வரும், எண்ணெய்க் கறை படும், அயர்னில் பளபளப்பு ஏறிவிடும். இப்படி வழியில் கொஞ்சம் போகும் என்பதால் நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று கூடுதலாக வெட்டி வைப்போம். ஷிப்மென்ட் போன பிறகு நல்ல பீஸாகவே மிஞ்சுவது சர்ப்ளஸ். செக்கிங் டேபிளில் கழிந்து ஓரம் போவது செகண்ட்ஸ். சில நேரம் பையர் ஆர்டரையே ரத்து செய்துவிட, லாட் முழுவதும் குடோனில் தங்கிவிடுவதும் உண்டு. ஆனால் அதை என்ன செய்யலாம், எங்கே விற்கக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும்.

மிஞ்சுவது எப்போதும் சைஸும் கலரும் ஒழுங்கில்லாமல்தான் மிஞ்சும். நேவி ப்ளூவில் எல் ஒரு டஜன், டபுள் எக்ஸ்.எல். ஒரு மூட்டை, மீடியம் ஒன்றுகூட இல்லை. யாரும் விரும்பாத ஒரு மஞ்சளில் எல்லா சைஸும் இருக்கும், கேட்ட கறுப்பு இருக்காது. உங்களுக்கு விற்ற பக்கத்தில் என்ன போட்டிருந்தது? ஸ்மாலிலிருந்து த்ரீ எக்ஸ்.எல். வரை, எட்டு கலரில், ‘ரீஸ்டாக்’ என்று வாராவாரம். மிச்சம் என்றால் தீர்ந்துபோக வேண்டும். வாராவாரம் புதிதாக வருகிறது என்றால் அது மிச்சமில்லை, அதற்கென்றே ஓடுகிற உற்பத்தி.

அடுத்தது லேபிள். பெரிய பிராண்டுகள் மெயின் லேபிள், ஹேங்டேக், பார்கோடு ஸ்டிக்கர் எல்லாவற்றையும் தாங்கள் கைகாட்டுகிற சப்ளையரிடம்தான் வாங்கச் சொல்வார்கள். ஆர்டர் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி, சேதாரத்துக்குக் கொஞ்சம் சேர்த்து, எண்ணித்தான் வரும். மிஞ்சியதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். உள்ளூரில் விற்க அனுமதி கொடுக்கும் பையர்களும் பெரும்பாலும் ஒரு நிபந்தனை வைப்பார்கள்: பெயர் வெளியே போகக் கூடாது. அதனால் சர்ப்ளஸ் வெளியே போவதற்கு முன் இரண்டு பேர் உட்கார்ந்து டிரிம்மரால் கழுத்து லேபிளை நறுக்குவார்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் காதர்பேட்டையில் உண்மையான சர்ப்ளஸ் சட்டையைப் புரட்டினால், கழுத்தில் லேபிள் இருந்த இடத்தில் அரை விரல் அகலத்துக்கு வெள்ளை நாடாவின் அடிக்கட்டை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். வாஷ்கேர் லேபிளில் பிராண்ட் பெயர் இருக்கும் வரி மேல் மார்க்கர் கோடு இழுத்திருப்பார்கள். நன்றாக இருக்கிற சட்டையைக் கெடுத்து வைத்திருக்கிறார்களே என்று தோன்றும். தோன்றினால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள்.

லேபிள், டேக், பார்கோடு, பிளாஸ்டிக் கவர், கவர் மேல் லோகோ என்று கல்யாண ஜோடனையோடு வருகிற ‘சர்ப்ளஸ்’ ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும்: இவ்வளவும் எண்ணிக்கைக்கு அப்பால் எங்கிருந்து வந்தன? பதில் சுலபம். அச்சடித்தார்கள். மார்க்கெட்டில் பிக்கே துணி (போலோவுக்குப் போடும் பின்னல் துணி) வாங்கி, லேபிள் ஒரு இடத்தில், டேக் ஒரு இடத்தில், எம்பிராய்டரி ஒரு இடத்தில் என்று வெளியே கூலிக்குக் கொடுத்து (ஜாப் ஒர்க்) முடித்துவிடலாம். அதைத் தைத்தவர் எங்கள் ஊர்க்காரராகவே இருக்கலாம், அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. விளம்பரத்தில் ‘திருப்பூர்’ என்று இருப்பதால் சட்டை ஒரிஜினல் ஆகிவிடாது. அதேபோல ‘மேட் இன் இந்தியா’ என்று இருப்பதால் போலி என்றும் ஆகிவிடாது. வெளிநாட்டுப் பெயர் போட்ட எத்தனையோ சட்டைகள் இங்கேதான் தைக்கப்படுகின்றன.

அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை திறந்து பாருங்கள், முதலைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று. குதிரை மேல் மட்டையோடு ஒரு ஆள், கழுகு, புலி, இத்தாலிக்காரர் பெயர் ஒன்று, பிரெஞ்சுக்காரர் பெயர் ஒன்று, எல்லாம் ஒரே துணியில், ஒரே 899-இல். ஒன்றுக்கொன்று போட்டியான இத்தனை பேரும் ஒரே கம்பெனியில் ஆர்டர் கொடுத்து, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மிஞ்சியதாகச் சொல்கிறார் அவர். சில பக்கங்களில் பிராண்டின் பெயரையே எழுத மாட்டார்கள். முதலை பொம்மை போடுவார்கள், அல்லது பெயரின் நடுவில் புள்ளி வைத்து எழுதுவார்கள். பெயரைத் தேடி வரும் கம்பெனிக்காரர் கண்ணில் படாமல் இருக்கத்தான் அது. ‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘செவன் ஏ’, ‘மிரர்’, ‘மாஸ்டர் காப்பி’ என்ற சொற்கள் கண்ணில் பட்டால் ஆராய்ச்சியே வேண்டாம், அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 899-க்கு நல்ல பருத்தித் துணியில் போலோ தைத்து, விற்கிறவரும் லாபம் பார்க்க முடியும். அதனால் விலை குறைவாக இருந்தாலே சட்டை மட்டம் என்று நினைக்க வேண்டாம், சில காப்பிகள் கைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் பிராண்ட் தன் பெயருக்கு வாங்கும் காசு அந்த விலையில் இல்லை. சீசன் முடிவில் அவர்களே பாதி விலைக்குத் தள்ளுபடி கொடுப்பதுண்டு. ஷோரூமில் பல ஆயிரத்துக்கு விற்றுக்கொண்டிருக்கும் மாடலே, அதே வாரம், மூன்றிலக்கத்தில் வராது.

சரி, விற்கிறவருக்கு வருவோம். முதலில் பில்லைக் கேளுங்கள். வாங்கிய பிறகு வேண்டாம், வாங்கும் முன்பே ‘ஜி.எஸ்.டி. பில் வருமா, நம்பர் என்ன?’ என்று ஒரு மெசேஜ் போடுங்கள். சின்ன வியாபாரிக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமல் இருக்கலாம். ‘எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து நேரடி விற்பனை’ என்று சொல்பவருக்கு இல்லாமல் இருக்காது. அந்த எண் 15 எழுத்துகள் கொண்டது. தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-இல் தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் அதைத் தேடலாம். நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், பதிவான தேதி, பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். துணிக்கடை என்று சொல்பவரின் எண் மொபைல் ரிப்பேர் கடை ஒன்றின் பெயரில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணம் போகும் இடத்தையும் பாருங்கள். கம்பெனி என்று சொல்லிவிட்டு ஒரு தனி ஆளின் யு.பி.ஐ.க்கு அனுப்பச் சொல்வது, கமென்ட்டை மூடி வைத்திருப்பது, ‘நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்’, அட்ரஸ் கேட்டால் ‘ஒன்லி ஆன்லைன் ப்ரோ’ என்பது, இதில் இரண்டு சேர்ந்தாலே நான் வாங்க மாட்டேன். தனி இணையதளமாக இருந்தால் அந்த டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) எப்போது பதிவானது என்று ‘ஹூ இஸ்’ தேடலில் பார்க்கலாம். பிராண்டின் பெயரோடு ‘அவுட்லெட்’, ‘சேல்’ என்று ஒட்டிக்கொண்டு போன மாதம் பிறந்த தளத்தில் கார்டு நம்பரைப் போடாதீர்கள். அங்கே சட்டையே வராமல் போவதும் நடக்கும்.

பெரிய ஷாப்பிங் தளங்களில் வாங்கினாலும் தளத்தின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலும் விற்பது தளம் இல்லை, அதில் கடை போட்டிருக்கும் வேறு ஒருவர். ‘விற்பவர்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைத் தட்டிப் பாருங்கள். பிராண்டே நடத்தும் கடையா, அதன் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரா என்பதைப் பிராண்டின் இணையதளத்தில் கடைப் பட்டியலோடு ஒப்பிடலாம். ரிவ்யூவில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு, ஒன்று இரண்டு போட்டவர்கள் ஏற்றிய படங்களைப் பாருங்கள்.

பொருள் கைக்கு வந்த பிறகு பார்க்க ஒன்று இருக்கிறது, பலர் கவனிக்காதது. வெளிநாட்டு பிராண்ட் முறையாக இந்தியாவில் விற்கப்படும்போது, இறக்குமதி செய்தவர் அல்லது தயாரித்தவரின் பெயரும் முகவரியும், எம்.ஆர்.பி.யும், புகார் சொல்ல வேண்டிய தொடர்பும் லேபிளிலோ ஸ்டிக்கரிலோ இருக்க வேண்டும். எடையளவுச் சட்டத்தின் விதி அது. உங்கள் டேக்கின் படத்தில் டாலரிலும் யூரோவிலும் விலை இருக்கிறது, ரூபாயில் இல்லை. இந்திய முகவரியும் இல்லை. அமெரிக்காவுக்குப் போகும் துணிகள் பலவற்றில் ‘ஆர்.என்.’ என்று ஒரு எண் இருக்கும். அது அந்த நாட்டு வர்த்தக ஆணையம் நிறுவனங்களுக்குக் கொடுப்பது, ஆணையத்தின் தளத்தில் தேடலாம். சம்பந்தமே இல்லாத கம்பெனி பெயர் வந்தால் சந்தேகப்படலாம். சரியான பெயர் வந்தால் ஒன்றும் நிரூபணமாகாது, எண்ணையும் சேர்த்துத்தானே காப்பி அடிக்கிறார்கள். க்யூ.ஆர். கோடும் அப்படியே.

இனி உங்கள் பணம். 1,798 ரூபாய்க்கு எவ்வளவு அலையலாம் என்பது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் கோர்ட் வரை போக வேண்டியதில்லை, ஆனால் சும்மாவும் விட வேண்டாம். முதல் வேலையாக அந்த விளம்பரத்தை, ‘100% ஒரிஜினல்’ என்ற வரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உரையாடல், யு.பி.ஐ. ரசீது எல்லாம் சேர்த்து வையுங்கள். நீங்கள் வாயைத் திறந்த அடுத்த நிமிஷம் அவர் உங்களை பிளாக் செய்யக்கூடும். பார்சல் கவர் இன்னும் இருக்கிறதா? அதில் கூரியர்காரர் ஒட்டிய ஸ்டிக்கரில் அனுப்பியவர் பெயர், ஊர், போன் நம்பர் இருக்கும். பல பேருக்கு அந்த ஒரு காகிதம்தான் கிடைக்கும் ஒரே முகவரி.

அதன் பிறகு விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள்: ஒரிஜினல் என்று விற்றீர்கள், இது போலி, பொருளை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்புங்கள் என்று, தேதி போட்டு. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். தமிழிலும் பேசலாம். ஷாப்பிங் தளத்தின் வழியாக வாங்கியிருந்தால் உங்கள் கை இன்னும் பலமாக இருந்திருக்கும். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, போலியான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் முடித்துத் தர வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலேயே டிஸ்ப்யூட் எழுப்பலாம். யு.பி.ஐ.யில் நீங்களே அனுப்பிய பணத்தை அப்படி இழுப்பது கஷ்டம். அடுத்த முறை தெரியாத இடத்தில் வாங்குவதானால் இதை நினைவில் வையுங்கள். 1930 சைபர் குற்ற எண் பணத்தை வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் மறைந்தவர்களுக்குப் பொருத்தம், அதுவும் உடனே அழைக்க வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷம் வரை நேரம் உண்டு. ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் இல்லாமல் வழக்கு நகராது. அந்த கூரியர் ஸ்டிக்கரை வலியுறுத்துவது அதனால்தான்.

இரண்டாவது சட்டையை ஆப்பில் போடும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். போலி முத்திரை போட்ட பொருளை விற்பது வர்த்தக முத்திரைச் சட்டம் 1999-இன்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. தெரியாமல் விற்றேன் என்று நிரூபித்துத் தப்பிப்பவர்கள் உண்டு. நீங்கள் என்னிடம் எழுதிக் கேட்டு, நானும் போலி என்று சொன்ன பிறகு அந்த வாதம் உங்களுக்கு இல்லை. அது கிடக்கட்டும், உங்கள் தங்கைக்கு நடந்ததை இன்னொருவரின் தங்கைக்கு நடத்தி 899 ரூபாயை மீட்பதா? டேக்கோடு அப்படியே வையுங்கள், புகாருக்குச் சாட்சியாகப் பயன்படும்.

மாப்பிள்ளையிடம் நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள். ‘ஏமாந்துட்டேன் மாப்ள, பொங்கலுக்குச் சரி பண்ணிடறேன்’ என்றால் முடிந்தது. அவர் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறார் என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு முதலைதான் வேண்டும் என்றால் பிராண்டின் சொந்தக் கடையில் அல்லது சொந்தத் தளத்தில், சீசன் தள்ளுபடி வரும்போது ஒன்று எடுங்கள், இரண்டு வேண்டாம். பெயர் முக்கியமில்லை, சட்டை நன்றாக இருந்தால் போதும் என்றால் எங்கள் ஊருக்கு ஒரு நாள் வாருங்கள். திருச்சியிலிருந்து ரயில் இருக்கிறது. காதர்பேட்டையில் லேபிள் நறுக்கிய சர்ப்ளஸ் கேளுங்கள். அங்கேயும் லேபிளோடு காப்பி வைத்திருப்பவர்கள் உண்டு, அவர்களைத் தாண்டிப் போங்கள். பிக்கே துணி 200 ஜி.எஸ்.எம்.முக்கு (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) மேல் இருந்தால் போலோவுக்குப் போதும், கையில் எடுத்தால் கனம் தெரியும். காலரை ஒரு நிமிஷம் சுருட்டிப் பிடித்து விடுங்கள், தானாக நேராக வேண்டும். பிறகு சட்டையை இரண்டு தோளிலும் பிடித்துத் தூக்கி, ஓரத் தையல் அக்குளிலிருந்து கீழே நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். கடையில் இருக்கும்போதே அது முறுக்கி முன்பக்கம் வந்திருந்தால், முதல் துவையலில் இன்னும் முறுக்கும். அதை வைத்துவிட்டு அடுத்த பீஸை எடுங்கள்.